பால்மரக் கட்டிலும் பதினெட்டாவது மாடியும்

என் அக்கா மகன் ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடியின் பதினெட்டாவது மாடியில் வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பால் காய்ச்ச நாள் பார்ப்பதற்கு முன்பே அவனிடமிருந்து போன் வந்துவிட்டது. "மாமா, பெராபோட் எங்க வாங்குறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

உண்மையிலேயே ஆளாளுக்கு ஒன்றுதான் சொல்லியிருந்தார்கள். தெப்ராவ் ஐக்கியாவில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது அவன் மனைவியின் கட்சி. கட்டில் என்றால் தேக்குதான் என்று அக்கா பிடிவாதம். எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து அடித்துவிடலாம் என்றார் ரினோவேஷன்காரர். சிங்கப்பூரில் அவனோடு வேலை பார்க்கும் நண்பர், "நாங்களே சாமான் வாங்க உங்க ஊருக்குத்தான் வர்றோம்" என்று சிரித்திருக்கிறார்.

இந்தச் சாமானுக்குத் தமிழில் எத்தனை பெயர் என்பதே தனிக்கதை. தமிழ்நாட்டில் அறைகலன் என்று எழுதிவிட்டு ஃபர்னிச்சர் என்று பேசுகிறார்கள். இலங்கையில் தளபாடம். நம் நாளிதழ்களில் தளவாடப் பொருள். நம் வீட்டுக்குள் மலாய்ச் சொல்லான பெராபோட். பெயர் எதுவானாலும், எந்தக் கடையில் வாங்குவது என்ற கேள்வியை எந்தச் சாமானை எங்கே வாங்குவது என்று மாற்றிக்கொண்டால்தான் விடை கிடைக்கும் என்பது, மூன்று வீடு மாறி, ஒரு அலமாரியில் நன்றாக ஏமாந்த பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து. அதை மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பால்மரம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர்கள் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவல் வழியாக அறிந்திருப்பார்கள். நமக்கு அது வீட்டுச் சொல். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து பரவிய மரத்தில்தான் நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டினார்கள். இன்று வீட்டுமனைகளும் பேரங்காடிகளும் நிற்கும் ஜொகூர் பாருவின் சுற்றுப்புறத்தில் பெரும்பகுதி முன்பு அந்த மரத்தின் தோட்டங்கள்தான். ஸ்கூடாய்ப் பக்கம் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். அதன்பின் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்படி விழுந்த மரத்துக்கு அந்தக் காலத்தில் மதிப்பே கிடையாது. லயத்து அடுப்புக்கும், ரப்பர் தகட்டைப் புகை போடும் கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் விறகாகப் போகும். பிறையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை ரப்பர் மரக் கரியைப் போட்டுத்தான் ஊதுலையை எரித்தது. அந்த மரத்தில் நாற்காலி செய்தால் ஒரு வருஷத்தில் உளுத்து மாவாகக் கொட்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் பிழையில்லை. மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிச் சில நாள் அப்படியே போட்டால் பூஞ்சணம் ஏறி நீலம் பாய்ந்துவிடும். பின்னாலேயே உளுவண்டும் வந்துவிடும்.

இதைத் திருப்பிப் போட்டது கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் 1970, 80களில் நடந்த வேலை. மரத்தை வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, காற்றை உறிஞ்சிய உருளைக்குள் அடுக்கி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, பிறகு சூளையில் ஈரத்தை இழுத்துவிட்டால், அதே விறகு வெளிர் நிறத்தில் உறுதியான தளவாட மரமாகிவிடுகிறது. நன்றாகச் சாயம் பிடிக்கும். ஆணியும் திருகும் இறுக்கமாக நிற்கும். மரம் குட்டையானது, அடிப்பகுதி முழுக்கப் பால் வெட்டிய வடு. அதனால் நீளமான ஒற்றைப் பலகை கிடைக்காது. சிறு துண்டுகளின் முனையைப் பல் பல்லாக வெட்டி, விரல்களைக் கோப்பதுபோல் ஒட்டித்தான் பலகை செய்கிறார்கள். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்தப் பல்வரிசை தெரியும். சிலர் அதைக் குறை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் அது குறையே இல்லை. நம் ஈரக் காற்றில் அகலமான ஒற்றைப் பலகையைவிட இந்த ஒட்டுப் பலகை கோணாமல் நிற்கும்.

இந்த வேலை பெருமளவில் நடக்கும் இடம் ஜொகூரிலேயே இருக்கிறது: மூவார். கோப்பிக்கும் ஒத்தாக்-ஒத்தாக்குக்கும் பேர்போன ஆற்றங்கரை ஊர். மலேசியாவின் தளவாட ஏற்றுமதி அண்மை ஆண்டுகளில் 1,000 கோடி வெள்ளியை ஒட்டி நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் மூவார் வட்டாரத்திலிருந்து போவதாகத் தொழில்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். லீ ஹென், போ ஹுவாட், ஹோமெரிட்ஸ் என்று கோலாலம்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் வேர் அங்கேதான். அமெரிக்கப் படுக்கையறைகளுக்குக் கட்டிலும் இழுப்பறைப் பெட்டியும் போவது இங்கிருந்து. உள்ளூர்த் தொழிற்சாலைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக, அறுத்த ரப்பர் மரத்தை அப்படியே வெளிநாட்டுக்கு விற்பதற்கு அரசு 2017 ஜூலையில் தடையே போட்டது. நாம் விறகு என்று ஒதுக்கிய மரம், நாட்டை விட்டுப் போகாமல் கட்டிக்காக்க வேண்டிய சரக்காகிவிட்டது.

ஜொகூர் பாருவிலிருந்து மூவார் சுமார் 180 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பாகோவில் வெளியேறினால் இரண்டு இரண்டரை மணி நேரம். நானும் அக்கா மகனும் ஒரு சனிக்கிழமை போனோம். முதல் கடையில் பளபளப்பு அதிகம், பேச்சும் அதிகம். இரண்டாவது கடையில் ஒரு வயதான தவுக்கே, என்ன மரம் என்று மலாயில் கேட்டதும், "காயு கெத்தா" என்றார். பால்மரம். தேக்கு என்றோ ஓக் என்றோ சுற்றி வளைக்கவில்லை. சாப்பாட்டு மேசையைத் தானே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து அடியைக் காட்டினார். கால் சேரும் மூலையில் குறுக்குக் கட்டை வைத்து, கனமான போல்ட் முடுக்கியிருந்தது. அடிப்பக்கமும் சாயம் பூசியிருந்தது. அந்த அடிப்பூச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மேலே மட்டும் பூசிய பலகை, அடி வழியாக ஈரம் குடித்து வளைந்துகொள்ளும்.

நாற்காலியை இரண்டு பின்காலில் சாய்த்து உட்கார்ந்து பார்த்தான் பையன். தவுக்கே தடுக்கவில்லை. முதல் கடையில் அதையே செய்தபோது விற்பனைப் பெண் ஓடி வந்தார்.

கட்டில், சாப்பாட்டு மேசை, நாற்காலி. எடை தாங்கும் இந்த மூன்றையும் பால்மரத்தில், செய்யும் ஊருக்குப் பக்கத்திலேயே வாங்குவது ஜொகூர்வாசிக்குக் கிடைத்த வசதி. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பால்மரத்தைப் பால்கனியில் போடக் கூடாது. மழைச் சாரலும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் போரான் கரைந்து வெளியேறும், பூஞ்சணம் திரும்பி வரும். பால்கனிக்கு இரும்போ அலுமினியமோ போதும்.

அக்காவின் தேக்கு விஷயத்துக்கு வருகிறேன். தேக்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. எண்ணெய்ப் பசை உள்ள மரம், செல் அரிக்காது, நூறு வருஷக் கட்டில் ஊரில் இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கும் அந்தக் கட்டில் முற்றிய மரத்தின் வைரத்தில் செய்தது. இன்று இங்கே விற்கும் தேக்குச் சாமானில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து, குறிப்பாகச் செதுக்கு வேலைக்குப் பேர்போன ஜெப்பாராவிலிருந்து வருவது. அதில் நல்லதும் உண்டு. ஆனால் தோட்டத்தில் இளமையிலேயே வெட்டிய மரத்தில் வெளிறிய வெளிப்பாகம் அதிகம் இருக்கும். அதற்குத் தேக்கு என்ற பெயர் உண்டே தவிர, தேக்கின் ஆயுள் கிடையாது. நியாதோ மரத்துக்குச் சாயம் ஏற்றியும், தூள் பலகை மேல் தாள் கனத் தேக்குத் தோல் ஒட்டியும் தேக்கு என்று தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். மேல்பக்கத்து ரேகை ஓரம் வழியாக வளைந்து பக்கவாட்டுக்குப் போனால் அது மரம். ஓரத்தில் வெட்டுப்பட்டதுபோல் நின்றுவிட்டால் அது தோல். பதினெட்டாவது மாடியில் செல்லுக்கு அஞ்சித் தேக்கு வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அங்கே பெரிய எதிரி ஈரம்.

அந்த ஈரத்திடம்தான் நான் தோற்றேன். முன்பு ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) நான்கு கதவு அலமாரி வாங்கினேன். கெட்டி மரம் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் எழுதவில்லை. ஒன்றரை வருஷத்தில், தினமும் தரை துடைத்த தண்ணீர் பட்டுப்பட்டு, அடிப்பலகை தேத்தண்ணீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிக்கொண்டது. விரலால் நிமிண்டினால் மரத்தூள் உதிர்ந்தது. அது தூள் பலகை. ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கதவு கீல் பிடித்திருந்த திருகுகளும் ஒவ்வொன்றாகப் பிடியிழந்தன. கடைக்குப் போனேன். "தண்ணி பட்டா எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள்.

தூள் பலகையே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். விலை குறைவு, எடை குறைவு, கோணாது. எல்லா வெட்டு ஓரமும் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும், தரையைத் தொடாமல் கால் வைத்திருக்க வேண்டும், பின்பலகை வெறும் அட்டையாக இருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால் படுக்கையறை அலமாரிக்குப் போதும். இன்னொன்று, வாசனை. புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதென்றால் அது ஒட்டுப் பசையின் ஃபார்மால்டிஹைட். அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. பலகையில் இ1, இ0 என்று தர முத்திரை உண்டா என்று கேளுங்கள். இ0 என்றால் வெளியேறும் ஆவி இன்னும் குறைவு. கதவைச் சாத்தி ஏர்கான் போட்டுத் தூங்கும் குழந்தையின் அறைக்கு இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஐக்கியாவைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு விதமான பேச்சுதான். ஒன்று பக்தி, இன்னொன்று இளக்காரம். 1943இல் சுவீடனில் தொடங்கிய கடை, 1956இல் மேசையின் காலைக் கழற்றித் தட்டையான பெட்டிக்குள் வைக்கக் கற்றுக்கொண்டது. அதன்பின் உலகம் முழுக்கச் சாமானை வாங்குபவனே பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. தெப்ராவ் கிளை 2017 நவம்பரில் திறந்தது. அங்கே எனக்குப் பிடித்தது நேர்மையான விவரச் சீட்டு. எந்தப் பாகம் தூள் பலகை, எது பால்மரம், எது வெறும் அட்டை நிரப்பு என்று பாகம் பாகமாக எழுதியிருக்கும். சின்ன அறைக்கு அளவெடுத்ததுபோன்ற அலமாரிச் சட்டங்கள், காலணிப் பெட்டி, பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு நல்ல இடம். ஆனால் கட்டில் வாங்குபவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் குயின் மெத்தை 152க்கு 190 செண்டிமீட்டர், கிங் 183க்கு 190. ஐக்கியாவின் அளவு 150க்கு 200, 180க்கு 200. கட்டிலை அங்கேயும் மெத்தையை வேறு கடையிலும் வாங்கினால் கால்மாட்டில் பத்து செண்டிமீட்டர் பள்ளம் விழும், பக்கத்தில் மெத்தை இடிக்கும். மருமகள் அங்கே ஒரு கட்டிலைப் பார்த்து வைத்திருந்தாள். மெத்தையோ தாய்வீட்டுச் சீராக ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. மூவார் போக வேண்டும் என்று வாதாடும் வேலை எனக்கு மிச்சமாயிற்று.

சோபாவுக்குத் தனி விதி. அதில் நல்லதும் கெட்டதும் துணிக்குள் மறைந்திருக்கும். செயற்கைத் தோல் சோபா கடையில் அழகாக இருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து, சில வருஷங்களில் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பிக்கும். விருந்தாளி எழுந்தால் வேட்டியில் கறுப்புச் செதில் ஒட்டியிருக்கும். அசல் தோலுக்குக் காசு இல்லையென்றால், கழற்றித் துவைக்கும் உறை போட்ட துணி சோபா மேல். உட்காரும் நுரை ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். முப்பதுக்குக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். அந்தக் கேள்வி புரியாதவர் விற்கும் சோபாவை வாங்க வேண்டாம்.

ரினோவேஷன்காரரின் யோசனைக்கு நான் பாதிதான் சம்மதம். சமையலறையைச் சுவரோடு அடிக்கத்தான் வேண்டும். கிரைண்டர் கனமும் கழுவும் தண்ணீரும் உள்ள நம் சமையலறைக்குத் தூள் பலகை ஒத்துவராது. பிளைவுட் வேண்டும், அல்லது இப்போது பரவலாகிவிட்ட அலுமினியக் கேபினெட். பார்வைக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தாலும், அலுமினியத்தை ஈரமும் செல்லும் ஒன்றும் செய்யாது. படுக்கையறைச் சுவர்களை மட்டும் அவசரப்பட்டு மூட வேண்டாம். வீடமைப்புச் சட்டப்படி எழுதும் ஒப்பந்தத்தில், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் மேம்பாட்டாளர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டும். வெளிச்சுவரில் நீர்க்கசிவு இருந்தால் ஒரு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கூரை உயர அலமாரியை அடித்து மூடிவிட்டால் கசிவும் தெரியாது, பிறகு யார் செலவில் கழற்றுவது என்ற சண்டையும் வரும். எங்கள் பையன் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை சுவர்களை வெறுமையாகவே விட்டான். பெரிய அறையில், ஜன்னலுக்குக் கீழே, கை அகலத்துக்கு ஈரம் தலைகாட்டியது.

தச்சரிடம் தனியாகச் செய்யக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. அது சாமி மேடை. கடையில் விற்கும் செதுக்கு மண்டபங்கள் தரைவீட்டு முன்னறைக்குப் பொருந்தும். அடுக்குமாடியின் குறுகிய நடைவழியில் அது அலமாரி மாதிரி வழிமறிக்கும். அக்கா மகன் வீட்டில் பால்மரப் பலகையில், கதவோடு, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு மேடை செய்தோம். விளக்கு வைக்கும் தட்டு மட்டும் எவர்சில்வர் தகடு பதித்து, வெளியே இழுத்துக்கொள்வதுபோல. விளக்கு எரியும்போது சுடர் மேற்பலகையைத் தீண்டாது. எண்ணெய் வடிந்தால் துடைத்துவிடலாம். இப்படி ஒன்றை எந்தக் கடைச் சீட்டிலும் பார்க்க முடியாது. தேக்கு இல்லையே என்ற அக்காவின் மனக்குறை பாதி தீர்ந்தது இந்த மேடையில்தான்.

கடைசியாகப் பணம். மண்டபங்களில் மூன்று நாள் நடக்கும் தளவாடச் சந்தையில் முழுத் தொகையும் கட்டிவிடாதீர்கள். நான்காவது நாள் அந்த மண்டபத்தில் கல்யாணம் நடக்கும், கடைக்காரரை எங்கே தேடுவது? முன்பணம் கொஞ்சம், மிச்சம் வீட்டில் இறக்கிப் பூட்டிய பிறகு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சுவரில் ஒட்டிவைத்தால் பயனீட்டாளர் உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையான வழக்கை வெறும் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்று வருஷத்துக்குள் பதியலாம். அலமாரி உப்பியபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், கெட்டி மரம் என்று சொன்னதற்கு என்னிடம் எழுத்து இல்லை.

ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் லிஃப்டின் கதவு அகலத்தையும் உள்ளுயரத்தையும் அளந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் மரத்தின் பெயரையும் பலகையின் வகையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். மூவாரில் கடைக்குப் பஞ்சமில்லை.